புத்தகம் அடுக்கும் வேலையில் ஒரு மாணவருக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: நான் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் தன்னார்வலராக உதவ நூலகர் ஒப்புக்கொண்டுள்ளார். வெறுமனே புத்தகம் அடுக்கத்தான் சொல்வார்கள், அந்த நேரத்தில் கணினிப் பயிற்சிக்குப் போகலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். இதனால் உண்மையில் என்ன பயன்?

பதில்: முதலில் அடுக்கும் வேலைதான் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை.

நம் பொது நூலகங்கள் பலவற்றில், நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி தசமப் பகுப்பு முறை புழக்கத்தில் உள்ளது. 547.13 என்ற எண்ணுள்ள நூலை 547.9-க்குப் பின்னால் வைக்கவே புதியவரின் கை போகும், ஏனெனில் ஒன்பதைவிடப் பதின்மூன்று பெரிது என்று மனம் சொல்லும். ஆனால் இவை தசம எண்கள் என்பதால் 547.13 முன்னாலும் 547.9 பின்னாலும் வர வேண்டும். இப்படி இடம் மாறிய நூல் பட்டியலில் இருக்கும், தேடுபவர் கைக்கு மட்டும் கிடைக்காது. கவனம் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் வேலையை நான் கண்டதில்லை.

வேதியியல் மாணவரான உங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. கல்லூரிப் பாடத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் வேதியியலுக்குரிய 540-களில் முடிந்துவிடும். அடுக்கத் தொடங்கினால் உரங்கள் வேளாண்மையோடு 631.8-லும், மருந்தியல் 615-லும், உணவுத் தொழில்நுட்பம் 664-லும், சாயங்கள் 667-லும் இருப்பதைப் பார்ப்பீர்கள். படிப்பு முடிந்தபின் எந்தத் துறைக்குப் போகலாம் என்று யோசிக்கும் வயதில், தன் பாடம் எங்கெல்லாம் கிளை விட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பது பெரிய உதவி.

ஆனாலும் இருப்பவற்றுள் பெரிய பயன் வாசகர்களிடமிருந்து வருவதுதான். "தென்னை பற்றிப் புத்தகம் இருக்கா தம்பி?" என்று ஒரு விவசாயி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தென்னை வளர்ப்பு நூலை எடுத்து நீட்டிவிட்டால் அவர் அரை மணி நேரம் புரட்டிவிட்டு வெறுங்கையோடு போவார். "என்ன விவரம் வேணும் ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "ஓலையெல்லாம் மை பூசின மாதிரி கறுத்துப்போச்சு" என்று சொல்லியிருப்பார். அது சுருள் வெள்ளை ஈ கழிக்கும் இனிப்பு நீரின் மேல் படரும் கரும்பூசணமாக இருக்கலாம் என்பதால், அவரைப் பயிர்ப் பூச்சிகளும் நோய்களும் பற்றிய 632-ஆம் வரிசைக்கும் அழைத்துப் போக வேண்டும். கேட்பவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கும் அவருக்கு உண்மையில் தேவையானதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுமையாகக் கேட்டுக் கடக்கும் இந்தப் பழக்கம், நாளை ஆய்வகத்திலோ நேர்முகத் தேர்விலோ நிச்சயம் கைகொடுக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக வைத்தது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதையே.

சான்றிதழைப் பெரிதாக எண்ண வேண்டாம். நூலகர் பணிக்குத் தகுதி நூலகவியல் படிப்புத்தான், தன்னார்வப் பணி அதற்கு ஈடாகாது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தால், இரண்டு ஆண்டுகளில் முடிக்க வேண்டிய 240 மணி நேரத்தில் இதையும் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கணினிப் பயிற்சியையும் விட வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள், ஒரே நேரம் என்று நூலகரிடம் உறுதி சொல்லி, அந்த நேரத்தைத் தவறாமல் காப்பாற்றுங்கள். யார் எந்த நூலை எடுத்தார்கள் என்பதை வெளியே எவரிடமும் பேசாதீர்கள். ஒரு சிறு குறிப்பேட்டில், உங்களால் பதில் தேடித்தர முடியாமல் போன கேள்விகளை மட்டும் அன்றன்று எழுதிவைத்து, வார இறுதியில் நூலகரோடு உட்கார்ந்து அவற்றுக்கு எந்த அலமாரியில் விடை இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.