ஓடியாடி எழுத்து படிக்கலாமா? கடலூர், புதுச்சேரிப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாக எழுத்தொலி சொல்லித் தருவது பற்றி வந்த கேள்விகள் இவை. தமிழ் வாசிப்பும் ஆங்கில வாசிப்பும் கலந்தே கேட்டிருக்கிறீர்கள், அப்படியே பதில் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா: டீச்சர், பையன் யூகேஜி. ஏ முதல் இசட் வரை தடங்கலில்லாமல் சொல்வான். ஆனால் 'பின்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் 'பி, ஐ, என்' என்று சொல்லி நின்றுவிடுகிறான்.

அவனுக்கு எழுத்தின் பெயர் தெரியும், ஒலி தெரியாது. பெயர்களை எவ்வளவு வேகமாக அடுக்கினாலும் சொல் வராது. ஆங்கிலத்தில் 26 எழுத்துக்குச் சுமார் 44 ஒலி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடாதீர்கள். எஸ், ஏ, டி (t), பி (p), ஐ, என் இந்த ஆறின் ஒலி மட்டும் முதலில் போதும். பின், டின், டிப், சிட், நிப் என்று நிறைய சொல் இதிலேயே கிடைக்கும்.

வாசலில் சாக்கட்டியால் மூன்று கட்டம் ஒட்டி ஒட்டிப் போட்டு, கட்டத்துக்கு ஒரு எழுத்து எழுதுங்கள். பாண்டி ஆடுவது போல ஒவ்வொன்றிலும் குதித்து அந்த ஒலியைச் சொல்லட்டும். அடுத்த முறை நடந்தபடி, அதற்கடுத்து ஓடியபடி. ஓடும்போது ஒலிகள் தாமாக ஒட்டிக்கொண்டு 'பின்' என்று வரும். ஒன்று முக்கியம்: 'ப' என்று சொல்லக் கூடாது, 'ப்' என்று சொல்லணும். 'ப, இ, ந' என்று சொன்னால் எந்தக் காலத்திலும் 'பின்' வராது. புள்ளி வைத்த எழுத்து தெரிந்த பிள்ளைக்கு இது சுலபம். ஆட்டம் முடிந்ததும் அதே சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தாளுக்கு வராத ஆட்டம் வாசிப்பில் சேராது.

லாஸ்பேட்டை: என் மகளுக்கு ஆங்கிலத்தில் பி எழுத்து இரண்டும் (p, b) ஒரே மாதிரி கேட்கிறதாம். காதில் ஏதாவது குறையா?

பெரும்பாலும் இல்லை அம்மா. பன்றிக்கு ஆங்கிலத்தில் 'பிக்', பெரியது என்பதற்கும் 'பிக்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கின்றன. 'பல்'லில் வரும் ப வேறு, 'அம்பு'வில் வரும் ப வேறு. ஆனாலும் தமிழுக்கு ஒரே எழுத்து போதும், ஏனென்றால் எங்கே எந்த ஒலி என்பதை இடமே முடிவு செய்கிறது. அதனால் அந்த இரண்டையும் பிரித்துக் கேட்கும் தேவை அவள் காதுக்கு இதுவரை வரவே இல்லை. க, ட, த எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியதில் தொண்டை அதிரும், பன்றியில் தொடக்கத்தில் அதிராது. அதிர்ந்தால் குதிக்கணும், அதிராவிட்டால் உட்காரணும். வாய்க்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடித்தாலும் தெரியும்: பன்றிக்குத் தாள் நன்றாகப் படபடக்கும். இதற்குச் சில வாரம் ஆகும், அவசரப்படாதீர்கள்.

நெல்லிக்குப்பம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர்: 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு ஆட்டம் பாட்டு எல்லாம் செய்கிறோம். ஆனால் 'க அட்டைக்கு ஓடு' என்றால் முன்னால் ஓடும் இரண்டு பேர் பின்னாலேயே எல்லோரும் ஓடுகிறார்கள்.

டீச்சர், இதைக் கவனித்தீர்களே, அதுவே பெரிய விஷயம். ஓட்டம் நடக்கிறது, கற்றல் அந்த இரண்டு பேருக்குத்தான் நடக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தானாக முடிவெடுத்த பிறகே கால் நகரணும். ஒலியைச் சொன்னதும் எல்லோரும் கண்ணை மூடி அந்த எழுத்தைக் காற்றில் எழுதட்டும். கண்ணைத் திறந்த பிறகு நடக்கட்டும். ஓட்டமே வேண்டாம், நடை போதும். பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருப்பீர்களே, ஒரு பிரிவு ஆடும்போது மற்றவை உட்கார்ந்து எழுதலாம். அரும்புப் பிள்ளைகளைத் தனியாக ஆடவிடுங்கள், அப்போதுதான் அவர்கள் யாரையும் பார்த்துச் செய்ய முடியாது.

வில்லியனூர்: தமிழில் 'கொடி'யை 'கெகாடி' என்று வாசிக்கிறான். இரண்டாம் வகுப்பு.

அவன் கண்ணில் பட்ட வரிசையில் நேர்மையாக வாசிக்கிறான். கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தில் இது மிகக் கடினமான இடம் என்பேன்.

மூன்று பிள்ளைகள் வேண்டும். ஒருவர் கையில் க, ஒருவர் கையில் ஒற்றைக் கொம்பு, ஒருவர் கையில் துணைக்கால். க மட்டும் நின்றால் 'க'. துணைக்கால் வலப்பக்கம் ஓடிவந்து நின்றால் எல்லோரும் 'கா' என்று கத்தணும். அது விலகி, கொம்பு இடப்பக்கம் வந்தால் 'கெ'. இரண்டும் ஒன்றாக வந்து 'க' பிள்ளையின் தோளைப் பிடித்தால்தான் 'கொ'. தோளைப் பிடிப்பதை விட்டுவிடாதீர்கள். மூன்று பேரும் சேர்ந்து ஒரே எழுத்து, ஒரே ஒலி என்பது உடம்பில் பதிய வேண்டும். பிறகு 'க'வுக்குப் பதில் ம, த, ப என்று மாற்றுங்கள். ஒற்றைக் கொம்பு நன்றாகப் பழகிய பிறகே இரட்டைக் கொம்பு. வீட்டில் மூன்று பேர் இல்லையென்றால் அம்மாவும் அப்பாவும் அட்டை பிடிக்கலாம்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு தாத்தா: நாங்கள் மணலில் விரலால் எழுதி, சத்தமாகச் சொல்லிப் படித்தோம். குதித்துத்தான் படிக்கணுமா?

ஐயா, நீங்கள் படித்ததும் உடம்பால்தான். விரல் எழுதியது, வாய் சொன்னது, காது கேட்டது. பேரனோடும் அதையே செய்யுங்கள். கூடவே உங்களால் இன்னொன்றும் முடியும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே? நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து கல், கால், பல், பால், கொடு, கோடு என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். குறில் கேட்டால் அவன் ஒரு சின்ன எட்டு, நெடில் கேட்டால் ஒரு பெரிய தாவல். 'படம்', 'பாடம்' இரண்டையும் ஒன்றாக எழுதும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

தேவனாம்பட்டினம்: சில்வர் பீச் மணலில் எழுதி நடக்கவிடலாமா?

தாராளமாக. ஈர மணலில் பெரிதாக எழுதி, எழுதும் திசையிலேயே நடக்கவிடுங்கள். எதிர்த்திசையில் நடந்தால் கையும் அப்படியே பழகிவிடும். வெயில் ஏறுவதற்கு முன் போய்வாருங்கள். அலைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பாகூர்: எவ்வளவு நேரம் செய்வது? எவ்வளவு விளையாடியும் வரவில்லை என்றால்?

தினமும் பத்து நிமிடம், பிள்ளை சலிப்பதற்கு முன்னால் நிறுத்துங்கள். கால் வலியோ கூச்சமோ உள்ள பிள்ளை குதிக்க வேண்டாம், கை தட்டினாலும் அதே பலன்தான். எவ்வளவு விளையாடியும் வரவில்லை என்றால், முதலில் காதைச் சோதிக்கச் சொல்வேன். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் பிள்ளைகள் ஒலியைப் பாதிதான் கேட்கிறார்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. காது நன்றாக இருந்து, மாதக்கணக்கில் பழகியும் இரண்டு ஒலியைச் சேர்க்க முடியவில்லை என்றால், வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று ஒரு நிபுணரிடம் காட்டுங்கள். மூன்றாம் வகுப்பு வரட்டும், தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.