சாவி திரும்புகிறது, சீட் திறக்கவில்லை: லாக்கை உடைப்பதற்கு முன்னால்

கேள்வி: 2010 மாடல் 150 சிசி பைக், போன வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இரண்டு வாரமாக சாவி உள்ளே போகிறது, திரும்புகிறது, சீட் மட்டும் வர மாட்டேன் என்கிறது. ஆர்சி, டூல்ஸ் எல்லாம் அடியில் மாட்டிக்கொண்டன. மெக்கானிக் லாக்கை உடைத்துப் புது செட் போடச் சொல்கிறார். வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது, உடைக்க வேண்டாம். ஆர்சியை டிஜிலாக்கரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், 2018-லிருந்தே அது செல்லும். அதனால் அவசரம் இல்லை.

சீட் லாக் என்று நாம் சொல்வது ஒரே சாமான் இல்லை. சாவி போடும் உருளை, அதன் பின்னாலிருந்து ஓடும் ஒரு கேபிள், கேபிளின் மறுமுனையில் சீட்டின் கொக்கியைக் கவ்விப் பிடிக்கும் ஸ்பிரிங் தகடு என்று மூன்று சேர்ந்தது (சில வண்டியில் கேபிள் கிடையாது, உருளையின் வாலே தகடைத் தள்ளும்). உங்கள் வண்டியில் சாவி திரும்புகிறது என்றால் உருளை நன்றாகத்தான் இருக்கிறது, பழி மட்டும் அதன் மேல் விழுகிறது.

சாவியைத் திருப்பும்போது விரலுக்கு என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளினால் கேபிள் உயிரோடு இருக்கிறது, தகடுதான் இறுகியிருக்கிறது. அப்போது ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் லாக் இருக்கும் இடத்தில் இரண்டு உள்ளங்கையாலும் சீட்டை நன்றாக அழுத்தி, சட்டென்று மேலே தூக்க வேண்டும். கொக்கி மேலே இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் தகடு நகராது, அழுத்தினால் அந்தப் பாரம் விடும். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

அப்புறம் ஒரு கேள்வி, சமீபத்தில் சீட் கவர் மாற்றினீர்களா? என் பழைய வண்டியில் இதேதான் நடந்தது. கவர் தைத்தவர் ரெக்சினை அடியில் இரண்டு மடிப்பாக மடித்து, கொக்கிக்குப் பக்கத்திலேயே பின் அடித்துவிட்டார், சீட் அரை விரல் உயர்ந்து நின்றது, நான் ஒரு மாதம் லாக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். மடிப்பை வெட்டிவிட்டதும் சரியாகிவிட்டது.

சாவி எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று சுற்றினால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கழன்றிருக்கும். சைடு பேனலைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், கேபிள் நுனி கண்ணில் பட்டால் நோஸ் பிளையரால் பிடித்து இழுத்தாலே திறக்கும். எட்டவில்லையா, பழைய ஸ்போக்ஸ் கம்பியின் நுனியை வளைத்து, பின் மட்கார்டுக்கு மேலே உள்ள சந்து வழியாகத் தகடைத் தள்ளலாம். பொறுமை வேண்டும், கை கொஞ்சம் கீறும். அறுந்த கேபிளுக்கு அதே மாடல் கிடைக்காவிட்டால் சைக்கிள் பிரேக் ஒயரை அளவுக்கு வெட்டிப் போடலாம், அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்யும்.

சாவியே திரும்பாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் டேங்க், இக்னிஷன், சீட் மூன்றுக்கும் ஒரே சாவி. இக்னிஷனில் தினமும் போட்டுப் போட்டு சாவி தேய்கிறது, மாதம் ஒரு முறை திறக்கும் சீட் லாக்கோ மழையும் சேறும் வாங்கி உள்ளே இறுகிப்போகிறது. அதனால் தேயாத ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். தேய்ந்த சாவியிலிருந்து டூப்ளிகேட் போட்டால் தேய்மானத்தையும் சேர்த்தே காப்பி அடித்துத் தருவார்கள். பிளையர் வைத்து முறுக்காதீர்கள், சாவி உள்ளேயே முறிந்தால் அது தனிக் கதை.

துவாரத்துக்குள் தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் விடக் கூடாது. தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். 4பி பென்சில் முனையைச் சுரண்டி, அந்தத் தூளைச் சாவியில் தடவி நாலைந்து முறை போட்டு எடுங்கள், அது போதும். கிரீஸ் வேண்டியது தகடுக்குத்தான், அதுவும் பழைய அழுக்கை மண்ணெண்ணெயில் துடைத்த பிறகு.

சீட் திறந்துவிட்டதா? உடனே மூடிவிடாதீர்கள்! ஸ்க்ரூடிரைவர் தண்டைக் கொக்கி மாதிரி தகடுக்குள் அழுத்தி மாட்டிவிட்டு, சாவியால் பத்து முறை திறந்து பாருங்கள். ஒரு முறை முரண்டு பிடித்தாலும் சீட்டை வைக்க வேண்டாம். வைக்கும்போது முன்பக்க நாக்கு டேங்குக்கு அடியில் சரியாக நுழைந்ததா என்று பார்த்து, 'டக்' சத்தம் வந்த பிறகும் பின்னால் தூக்கி இழுத்துப் பாருங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்து போகும்போது சீட் நகர்ந்தால் விழ வேண்டியதுதான்.

நான் என் வண்டியில் தகடு நெம்புகோலில் ஒரு நைலான் கயிறு கட்டி, சைடு பேனலுக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். கேபிள் அறுந்தாலும் கயிற்றை இழுத்தால் போதும். பேனலைக் கழற்றுகிற ஸ்க்ரூடிரைவரை மட்டும் சீட்டுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள்.