எங்கள் நிலத்தில் எண்ணெய்க் குழாய் பதிக்க அறிவிப்பு வந்திருக்கிறது. பிற்காலத்தில் எண்ணெய்த் தேவை குறைந்தால் நிலம் முழுமையாக எங்களுக்குத் திரும்புமா?

திரும்பும் என்று நம்பி எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்களும் எங்கள் சேலம் பக்கத்தவராக, கிணற்றுப் பாசனத்தில் சில ஏக்கர் வைத்திருப்பவராகத்தான் இருப்பீர்கள் என்று எண்ணி எழுதுகிறேன்.

மண்ணுக்குள் போன குழாய், பதித்த காரணம் மறைந்த பிறகும் வேறு வேலைக்கு ஆகிவிடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கியதால், டெக்சாஸிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு 24 அங்குலக் குழாயை அவசரமாகப் பதித்து 1943இல் முடித்தார்கள். 1947இல் அதுவே இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அசாம் கச்சா எண்ணெயைப் பீகாரின் பரௌனி சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுவந்த நம் நாட்டுக் குழாயிலும், பரௌனி–பொங்கைகாவோன் பகுதி பின்னாளில் திசை மாற்றப்பட்டு, இறக்குமதி எண்ணெய் அசாமுக்குப் போனது. நிலத்தில் குழாய் பதிக்க வழிசெய்யும் 1962ஆம் ஆண்டுச் சட்டமோ இயற்கை எரிவாயுவையும் பெட்ரோலியம் என்றே கொள்கிறது. பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் குழாய் போகும் அந்த நிலப் பட்டையில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ முடியாது. அதற்கு ஈடு, சந்தை மதிப்பில் பத்து விழுக்காடும் பயிர், மரச் சேதத்துக்கான தொகையும்தான்.

ஓமலூர்ப் பக்கம் எங்கள் காட்டின் (விளைநிலத்தின்) குறுக்கேயும் ஒரு குழாய் போயிற்று; எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. தென்னைகளை வெட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். ஆனால் பள்ளம் பறித்தவர்கள் மேல்மண்ணைத் தனியே ஒதுக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்து மூடியதால், அடியில் கிடந்த சுண்ணாம்பு நிறைந்த சுக்கான்கல் மேலே வந்துவிட்டது. இன்றும் மரவள்ளி நட்டால் அந்தப் பட்டையில் மட்டும் செடி வெளிறிக் குட்டையாக நிற்கிறது, கிழங்கும் விரல் பருமனைத் தாண்டுவதில்லை. இந்த இழப்பைக் கணக்கில் எடுக்க எந்த அதிகாரியும் முன்வரவில்லை. அளக்க வந்தவர்கள், காய்க்காத இளந்தென்னைகளை மரமென்றே எழுத மறுத்தது தனி வேதனை.

வளர்ச்சிக்குத் தடையாக நிற்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னையிலிருந்து ஆசனூர் வழியாகச் சங்ககிரிக்குக் குழாயில் எரிபொருள் வருவது, அவ்வளவையும் டேங்கர் லாரிகளில் நெடுஞ்சாலையில் கொண்டுவருவதைவிட நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. பல பத்தாண்டுகள் பயன்படப்போகும் குழாய்க்கு ஒரே முறை தொகை கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவதுதான் அநியாயம். ஆண்டு வாடகை தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிவிப்பு வெளியான 21 நாட்களுக்குள் உங்கள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து மேலேயே பரப்ப வேண்டும் என்பதையும், இளங்கன்று உட்பட ஒவ்வொரு மரத்தின் கணக்கையும் அதில் சேருங்கள். குழாய் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டத்திலேயே உள்ளது. மூடுவதற்கு முன் நீங்களே அருகில் நின்று அளந்து பாருங்கள். தொகையில் உடன்பாடு இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.