இரண்டு வகுப்புகளின் புள்ளி வித்தியாசம் ஓர் ஆய்வாகுமா?

கேள்வி: வடமராட்சியில் உள்ள பாடசாலை ஒன்றில் க.பொ.த. உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். கடந்த ஆண்டு நியூற்றனின் இயக்க விதிகளைக் கணிதப் பிரிவு மாணவர் 32 பேருக்குப் புதிய வரிசையில் நடத்தினேன்: முதலில் செய்முறை, அடுத்துக் கலந்துரையாடல், கடைசியில்தான் சூத்திரம். உயிரியல் பிரிவு மாணவர் 38 பேருக்கு வழக்கம்போல் கரும்பலகையில் நடத்தினேன். தவணைப் பரீட்சையில் முதல் வகுப்பின் சராசரி 61, இரண்டாவதன் சராசரி 52. பொருளியல் ஆசிரியரான நண்பர் ஒருவர் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் கணித்து, இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்கிறார். கணிதம், பௌதிகவியல், கல்வி, பொருளியல் நான்கையும் வெளியிடுவதாகச் சொல்லும் சர்வதேசச் சஞ்சிகை ஒன்று, 100 டொலர் கட்டினால் ஐந்து நாட்களில் கட்டுரை வெளிவரும் என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. அனுப்பலாமா? நண்பரின் பெயரையும் சேர்க்க வேண்டுமா?

பதில்: அனுப்ப வேண்டாம். அந்தச் சஞ்சிகைக்கும் வேண்டாம், இப்போதிருக்கும் வடிவில் வேறெதற்கும் வேண்டாம். அதற்காகச் செய்த வேலையைத் தூக்கி எறியவும் தேவையில்லை. உங்களிடம் இருப்பது ஆய்வின் முடிவு அல்ல, ஆய்வுக்கான நல்ல தொடக்கம். அடுத்த இரண்டு தவணைகளுக்குள் அதை முறையான ஆய்வாக மாற்றலாம்.

முதலில் அந்த ஒன்பது புள்ளிகளைப் பார்ப்போம். கணிதப் பிரிவுப் பிள்ளைகள் நியூற்றனின் விதிகளை உங்களிடம் மட்டும் படிக்கவில்லை. இணைந்த கணிதத்திலும் அதே விசை, அதே உந்தம், அதே எறியம் வருகிறது. அங்கே வேறோர் ஆசிரியர் அவற்றைப் பல வாரங்கள் பயிற்சி கொடுத்து நடத்துகிறார். உயிரியல் பிரிவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே உங்கள் புதிய முறை எந்தப் பயனும் தராத ஒன்றாக இருந்திருந்தாலும் கணிதப் பிரிவு முன்னுக்கு நின்றிருக்கக்கூடும். ஒன்பதில் எத்தனை புள்ளி உங்கள் செய்முறைக்கு, எத்தனை இணைந்த கணிதத்துக்கு என்று பிரிக்க உங்களிடம் இப்போது எந்த வழியும் இல்லை.

பௌதிகவியல் ஆசிரியருக்கு இதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பூச்சிய வழு உள்ள, அதாவது எதையும் அளக்காதபோதே பூச்சியத்தைக் காட்டாத வேணியர் இடுக்கிமானியால் ஒரு கோலை ஆயிரம் தடவை அளந்து சராசரி எடுத்தாலும் அந்த வழு அப்படியே இருக்கும். உங்கள் நண்பர் மென்பொருளில் பார்த்தது எழுமாற்று வழுவை, அதாவது தற்செயலாக அங்குமிங்கும் விலகும் வழுவைத்தான். வகுப்புகள் பிரிந்த விதத்தில் இருக்கும், எப்போதும் ஒரே பக்கம் சாயும் முறைமை வழுவை எஸ்.பி.எஸ்.எஸ். அறியாது. அதை அறிய வேண்டியவர் நீங்கள்.

இதே எண்கள் எப்படித் தலைகீழாகலாம் என்று பாருங்கள். அலகைத் தொடங்குமுன் ஒரு முன்பரீட்சை வைத்திருந்தீர்கள் என்றும், கணிதப் பிரிவு 45, உயிரியல் பிரிவு 30 எடுத்தன என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் புதிய முறையில் படித்தவர்கள் 16 புள்ளி உயர்ந்தார்கள், கரும்பலகையில் படித்தவர்கள் 22 புள்ளி உயர்ந்தார்கள். வென்றது உங்கள் பழைய முறை!

பௌதிகவியல் கற்பித்தலை ஆராய்பவர்கள் இந்த உயர்வை இன்னொரு விதமாகவும் கணிப்பார்கள்: பெறக்கூடியதாக மிச்சமிருந்த புள்ளிகளில் எத்தனை பங்கு பெறப்பட்டது என்று. முதல் வகுப்புக்கு 55இல் 16, அதாவது 0.29. இரண்டாவதுக்கு 70இல் 22, அதாவது 0.31. பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் அமெரிக்காவில் 62 பாடநெறிகளின், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவரின் தரவுகளை இந்த அளவுகோலால் ஒப்பிட்டார். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளின் சராசரி 0.23. மாணவர் தாமே பேசியும் செய்தும் பார்த்த வகுப்புகளின் சராசரி 0.48. அவர் பெரும்பாலும் பயன்படுத்திய வினாத்தாள், விசை பற்றிய எண்ணக்கருக்களைச் சோதிப்பதற்கென 1992இல் ஹெஸ்டினஸும் சகாக்களும் வெளியிட்டது. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை காண அதில் ஒரு கேள்விகூட இல்லை. நம் தவணைப் பரீட்சைத் தாள் அப்படிப்பட்டதல்ல. செய்முறையால் வளர்ந்த விளக்கத்தை, கணக்குப் போடும் வேகத்தை அளக்கும் தாளால் அளந்தால் உங்கள் முறைக்கே அது அநியாயம். ஆகவே உங்கள் தாளில் குறைந்தது இருபது எண்ணக்கரு வினாக்களைச் சேருங்கள். ஹேக்கின் விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஆரம்பத்திலேயே வலுவாக உள்ள வகுப்புக்கு அது சற்றுச் சாதகமாக இருக்கும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. மூல எண்களையும் கூடவே கொடுங்கள்.

இனிப் பலரும் தவறவிடும் இடம். உங்களிடம் எழுபது மாணவர் இருப்பதாக நினைக்கிறீர்கள். சஞ்சிகைக்காகக் கட்டுரையைப் படித்துக் குறை சொல்லும் மதிப்பீட்டாளர் அதை இரண்டு வகுப்புகள் என்றே எண்ணுவார். ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒரே ஆசிரியரை, ஒரே பாடவேளையை, ஒரே நண்பர் வட்டத்தைப் பகிர்கிறார்கள். அவர்களின் புள்ளிகள் ஒன்றிலிருந்து ஒன்று சுதந்திரமானவை அல்ல. இதற்கு ஒரு திருத்தக் காரணி உண்டு: வகுப்பின் அளவிலிருந்து ஒன்றைக் கழித்து, வகுப்புக்குள் உள்ள ஒற்றுமைக் குணகத்தால் (ஒரே வகுப்புப் பிள்ளைகளின் புள்ளிகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவால்) பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். வகுப்புக்கு 35 பேர், குணகம் 0.2 என்றால் 7.8 வரும். எழுபதை அதனால் வகுத்தால் ஒன்பது. எழுபது பிள்ளைகள் தரும் தகவல் ஒன்பது பேருடைய தகவலுக்குச் சுருங்கிவிடுகிறது. ஒரு முறைக்கு ஒரே வகுப்பு என்றிருக்கும்போது நிலைமை இதிலும் மோசம், ஏனெனில் வகுப்பின் விளைவும் முறையின் விளைவும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்கின்றன.

எல்லாத் துறைக்கும் இந்தத் தலைவலி இல்லை. நம் மண்ணின் கணிதவியலாளர் சி. ஜே. எலியேசர் 1943இல், கதிர்வீச்சின் எதிர்வினையையும் சேர்த்த டிராக்கின் சமன்பாட்டின்படி, புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் போகும் இலத்திரன் அதை ஒருபோதும் போய்ச் சேராது என்று பேனாவாலும் தாளாலும் காட்டினார். அங்கே மாதிரியின் அளவு என்ற கேள்வியே எழாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அ. துரைராசா, ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட கட்டுரை ஈரக் களிமண் அழுத்தத்துக்கு எப்படி இணங்குகிறது என்பதைப் பற்றியது. களிமண் ரியூசனுக்குப் போவதில்லை. உங்கள் மாணவர் போகிறார்கள்.

அந்த ரியூசன்தான் யாழ்ப்பாணத்தில் எந்தக் கல்வி ஆய்வும் தாண்ட வேண்டிய பெரிய மதில். பாடசாலையில் நீங்கள் ஓர் அலகைத் தொடங்கும்போது பாதி வகுப்பு அதைத் தனியார் கல்வி நிலையத்தில் முடித்திருக்கும். முறையை மாற்றிய நீங்கள் அதன் விளைவை அளக்கிறீர்களா, அல்லது மாலை நேரத்து ஆசிரியரின் உழைப்பை அளக்கிறீர்களா? இதைத் தடுக்க முடியாது, பதிவு செய்யலாம். ஒவ்வொரு பிள்ளையிடமும் இரண்டு விடயம் கேளுங்கள்: இந்த அலகை வெளியே படித்து முடித்தாயிற்றா, முடித்தால் எந்த மாதம். அட்டவணையில் இரண்டு நிரல்கள்தான் கூடும். ஆனால் இந்த ஆய்வில் வேறெவரிடமும் கிடைக்காத தரவு அதுவாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், உங்கள் புதிய முறையைவிட இதுவே சுவையான ஆய்வுப் பொருள்: ஏற்கெனவே ஒருமுறை கேட்ட பிள்ளைக்குச் செய்முறையால் எதுவும் கூடுகிறதா?

நண்பரின் துறையிலிருந்து கடன் வாங்க வேண்டியது மென்பொருளை அல்ல, ஒப்பீட்டு முறையை. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளியலாளர்களான டேவிட் கார்டும் அலன் குரூகரும் இரு பக்கத்திலும் 410 துரித உணவகங்களை முன்னும் பின்னும் கேட்டறிந்து, ஒரு பக்கத்து மாற்றத்திலிருந்து மறுபக்கத்து மாற்றத்தைக் கழித்தார்கள். 1994இல் வந்த அந்தக் கட்டுரை இன்றும் சர்ச்சைக்குரியது என்றாலும் கழித்தல் முறை நிலைத்துவிட்டது. 2021ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசில் பாதி கார்டுக்குப் போனது. இரண்டு பக்கமும் தொடக்கத்தில் சமமாக இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை இல்லை. தலையீடு இல்லாவிட்டால் இரண்டும் ஒரே போக்கில் நகர்ந்திருக்கும் என்பதே நிபந்தனை. உங்கள் இயக்க விதி அலகில் அந்த நிபந்தனை உடைகிறது, காரணம் மேலே சொன்ன இணைந்த கணிதம்.

எனவே அலகை மாற்றுங்கள். இணைந்த கணிதத்தில் வராத இரண்டு அலகுகளை எடுங்கள். வெப்பமும் ஓட்ட மின்னியலும் பொருந்தும். வெப்பத்தைக் கணிதப் பிரிவுக்குப் புதிய முறையிலும் உயிரியல் பிரிவுக்குப் பழைய முறையிலும் நடத்துங்கள். ஓட்ட மின்னியலில் இதைத் தலைகீழாக்குங்கள். இரு அலகுக்கும் முன்னும் பின்னும் பரீட்சை. எந்தப் பிரிவு எதை முதலில் பெறும் என்பதை நீங்கள் தெரிவு செய்யாமல் பலர் முன்னிலையில் நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். இப்போது ஒவ்வொரு வகுப்பும் தனக்குத்தானே ஒப்பீடு. எந்தப் பிள்ளைக்கும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை மறுத்ததாகவும் ஆகாது; பெற்றோரிடம் விளக்கும்போது இது கைகொடுக்கும். பக்கத்துப் பாடசாலைகளில் மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்தால் எட்டுப் பத்து வகுப்புகள் கிடைக்கும். அப்போதுதான் எண்ணிக்கை பற்றிய ஆட்சேபம் தளரும். அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் 1985இல் தொடங்கி நான்கு ஆண்டுகள், பிள்ளைகளைச் சிறிய வகுப்புக்கும் பெரிய வகுப்புக்கும் எழுமாற்றாக அனுப்பிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 11,600 பிள்ளைகள். நமக்கு அது எட்டாத அளவு, எழுமாற்று என்ற கொள்கைக்கு மட்டும் செலவில்லை.

விடைத்தாள்களை நீங்களே திருத்த வேண்டாம். பெயருக்குப் பதில் சுட்டெண் இட்டு, எந்த வகுப்பு என்று தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அதிபரின் அனுமதி, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி, பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் மூன்றையும் தரவு சேர்க்கும் முன்பே பெற வேண்டும். பின்னால் பெற்ற சம்மதத்தைக் கண்ணியமான சஞ்சிகை ஏற்காது. பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரை இணைத்துக்கொண்டால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கும் வழி பிறக்கும்.

இனிச் சஞ்சிகை. கட்டணம் கேட்பது மட்டும் மோசடிக்கு அடையாளம் அல்ல. வாசகர் இலவசமாகப் படிக்கும் நல்ல சஞ்சிகைகள் பலவும் எழுதுபவரிடம் பணம் வாங்குகின்றன. நான்கு துறையையும் வெளியிடுவதும் குற்றமில்லை, பல்துறைச் சஞ்சிகைகளில் தரமானவையும் உண்டு. ஐந்து நாள்தான் காட்டிக்கொடுக்கிறது. கட்டுரையை இரண்டு பேராவது படித்துக் குறை சொல்ல மாதக்கணக்கில் ஆகும். கணிதச் சஞ்சிகைகளில் ஓராண்டு காத்திருப்பதும் சாதாரணம். ஐந்து நாளில் நடப்பது ரசீது எழுதுவது மட்டுமே. ஐயம் இருந்தால் அதன் ஆசிரியர் குழுவில் இருவரின் பெயரை எடுத்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்தச் சஞ்சிகையைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு அதில் வெளிவந்த, உங்களுக்கு நன்கு தெரிந்த தலைப்பிலான கட்டுரை ஒன்றைப் படியுங்கள். உயர்தர மாணவன் கண்டுபிடிக்கக்கூடிய பிழை அச்சாகியிருந்தால் வேறு சான்று தேவையில்லை.

உங்கள் வேலைக்குப் பொருத்தமான இடங்கள் வேறு. பிரித்தானியாவின் ‘ஃபிசிக்ஸ் எடியுகேஷன்’, அமெரிக்காவின் ‘த ஃபிசிக்ஸ் டீச்சர்’ இரண்டும் வகுப்பறை ஆசிரியரின் எழுத்தை மதிப்பவை. அங்கே புள்ளிவிபரத்தைவிடச் செய்முறையின் விவரிப்புக்கு இடம் அதிகம். அதற்கு உங்களிடம் இப்போதே பொருள் உண்டு! 61ஐயும் 52ஐயும் விட்டுவிட்டு, என்ன செய்தீர்கள், பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று மட்டும் எழுதினால் ஒரு நேர்மையான சிறு கட்டுரை தயார். இரு சஞ்சிகைக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். காத்திருக்கும் காலத்தில் கட்டுரையை வெளியே காட்ட விரும்பினால், 1991 முதல் இயங்கும் ‘ஆர்க்கைவ்’ தளத்தில் பௌதிகவியல் கல்விக்கென ஒரு பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. நீங்கள் அனுப்பும் சஞ்சிகை அதை அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் பெயரைப் பொறுத்தவரை, ஒப்பீட்டைத் திட்டமிடுவதிலும் முடிவுகளை விளக்கி எழுதுவதிலும் அவர் பங்கெடுத்தால் அவர் இணை ஆசிரியர். மென்பொருளை இயக்கிக் கொடுத்ததோடு நின்றால் நன்றிப் பகுதியில் குறிப்பிடுவது போதும். பெயர்களின் வரிசையை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். பொருளியலிலும் கணிதத்திலும் பெரும்பாலும் அகரவரிசையில் போடுவார்கள், கல்வித் துறையில் அதிகம் உழைத்தவர் பெயர் முன்னே வரும். இந்த இரண்டு வழக்கத்துக்கும் இடையில் பழுதாகிப்போன நட்புகள் பல உண்டு.