வாசகர் கேள்வி – பதில்: மேலூருக்கு வந்த தண்ணீர்

கேள்வி: என் தங்கையை மேலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அங்கே வாய்க்காலும் நெல்வயலுமாக இருக்கிறது. எங்கள் ஊரில் மானாவாரிக் காடும், வெளி மாநிலங்களுக்கு முறுக்கு வியாபாரத்துக்குப் போய்விட்ட ஆண்களின் பூட்டிய வீடுகளும்தான். இரண்டும் ஒரே மாவட்டம். “உங்கள் ஆட்களின் சோம்பல்தான் காரணம்” என்கிறார் மாப்பிள்ளை. அவர் சொல்வது சரியா?
— ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: சோம்பேறி யாரும் முறுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மொழி தெரியாத ஊருக்குப் பிழைக்கப் போக மாட்டார் என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்.

மேலூரின் பச்சைக்கு ஒரு தேதி உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பிறகுதான், மேற்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு அரசு பணம் ஒதுக்கியது. பென்னிகுயிக் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. அந்த நீர் வைகையோடு சேர்ந்து, பேரணை என்ற இடத்தில் பிரியும் கால்வாய் வழியாக வாடிப்பட்டிக்கும் மேலூருக்கும் போயிற்று. மேட்டில் கிடந்த உங்கள் பகுதிக்கு ஏறவில்லை. 1959-இல் வைகை அணை வந்த பிறகும், உசிலம்பட்டிப் பக்கத்துக்கான 58 கிராமக் கால்வாயில் சோதனைக்காகத் தண்ணீர் விடுவதற்கு 2018 ஆகிவிட்டது.

தண்ணீர் வராதது பாதிக் கதைதான். வறண்ட நிலத்துக்காரன் பிழைப்பதற்கு இருக்கும் ஒரே வழி நடமாட்டம்; அரசு அதையே குற்றமாக்கியது. 1871-இல் வட இந்தியாவில் வந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட, சில சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகளாக நடத்திய குற்றப்பரம்பரைச் சட்டத்தை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். வயது வந்த ஆண் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும் என்றிருந்த நிலையில், அடுத்த தாலுகாவில் அறுவடைக் கூலிக்குப் போவதோ மாட்டுச் சந்தைக்குப் போய் ஒரு ராத்திரி தங்குவதோ எப்படி முடியும்? ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் நீங்கியது. இன்று உங்கள் ஊர் ஆண்கள் முறுக்கு விற்கப் போகும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவர்களுடைய தாத்தாக்கள் சீட்டில்லாமல் கடந்திருக்க முடியாது. ‘பின்தங்கிய பகுதி’ என்று நாம் எழுதும்போது, ஏதோ அவர்களாகவே பின்னால் தங்கிவிட்டதுபோல அந்தச் சொல் ஒலிக்கிறது. எனக்கு அது உறுத்தவே செய்கிறது.

கேள்வி: எதற்கெடுத்தாலும் வெள்ளைக்காரனைக் காட்டுவது வசதியாக இருக்கிறது. சுதந்திரம் வந்து 75 ஆண்டுகள் கடந்த பிறகும் அதே பல்லவியா?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஏழை நாடுகளின் நிலை அவற்றின் பிறவிக்குணம் அன்று, வளர்ந்த நாடுகளோடு நேர்ந்த வணிக உறவில் அது உருவாக்கப்பட்டது என்று பொருளியல் அறிஞர் ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க் 1966-இல் வாதிட்டது உலகெங்கும் எதிரொலித்தது. ஆனால், ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கும் நூறடித் தூரத்தை அது விளக்கிவிடாது. நம் மாவட்டத்திலேயே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்த காரணத்தால், 1996 முதல் 2006 வரை முறையான தேர்தல் நடக்கவில்லை. அங்கே எந்தக் கலெக்டர் துரையும் வந்து தடுக்கவில்லை. தலைவர் இல்லாத ஊராட்சியில் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பொறுப்பாகக் கேட்பதற்கு ஆளில்லை, அந்த இழப்பு தடுத்தவர் வீட்டு வாசலிலும்தான் விழுந்தது. ரேகைச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்த அதே மண்ணை ஒட்டித்தான் இதுவும் நடந்தது என்பதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

கேள்வி: வளர்ச்சியை வருமானத்தைக் கொண்டு அளந்தால் போதாதா?
— ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: போதாது. 1990 முதல் ஐ.நா. வெளியிடும் மனித வளர்ச்சிக் குறியீடே வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது.

கேள்வி: எங்கள் மையத்தில் ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒன்று வயதுக்கேற்ற உயரத்தில் இருக்கிறது, மற்றது நான்கு விரற்கடை குட்டை. “எங்கள் வம்சமே குட்டை, பிறகு வளர்ந்துகொள்வான்” என்கிறார் அதன் தாய். என்ன பதில் சொல்வது?
— அங்கன்வாடிப் பணியாளர், கொட்டாம்பட்டி

பதில்: ஒரு பிள்ளையை மட்டும் வைத்து வம்சமா, குறைபாடா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, வளர்ச்சி அட்டையில் மாதாமாதம் எடையும் உயரமும் எப்படி ஏறியிருக்கின்றன என்பதுதான் சாட்சி. அட்டையில் வளர்ச்சிக் கோடு ஏறாமல் படுத்துவிட்டிருந்தால் அந்தத் தாயை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். கருவுற்ற நாள் தொடங்கி இரண்டாம் பிறந்தநாள் வரையிலான சுமார் ஆயிரம் நாட்களில் ஏற்படும் குறையைப் பிற்பாடு முழுமையாக ஈடுகட்டுவது கடினம். அந்தக் குறை சோற்றுப் பற்றாக்குறையால் மட்டும் வருவதில்லை. கெட்ட தண்ணீரால் அடிக்கடி வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு, உண்பதும் உடம்பில் ஒட்டாது. கர்ப்பத்தில் தாய்க்கு இருந்த இரத்தசோகையும், 18 வயதுக்கு முன்பே நடந்த திருமணமும் பிள்ளையின் உடம்பில் பேசும். அப்படிக் குன்றிய பெண் குழந்தை வளர்ந்து தாயாகும்போது எடை குறைந்த பிள்ளையைப் பெற வாய்ப்பு அதிகம். சமூகத்தைப் பற்றிப் பொருளியல் அறிஞர் குன்னார் மிர்தால் சொன்ன சுழல், அதாவது விளைவே அடுத்த சுற்றுக்குக் காரணமாகிவிடும் சுழல், இங்கே ஒரு கருப்பைக்குள் நடக்கிறது.

உங்கள் ஊருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. உலக வங்கிக் கடனுதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் கால் வைத்தது உங்கள் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளையைக் கண்டுபிடித்துச் சத்துணவு கொடுத்தார்கள். 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட காலை உணவும் பெரும் பணிகள்; எனினும், பள்ளியில் தட்டு வைக்கும் நேரத்தில் அந்த ஆயிரம் நாட்கள் முடிந்துவிட்டிருக்கின்றன. ஆகவே உங்கள் தராசை நான் சற்று உயர்த்தியே மதிக்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்குக் கொஞ்சம் கரும்பு இருக்கிறது. பத்து வட்டிக்குக் கடன் வாங்குகிறான், அதை அடைக்க இன்னொரு கடன். புத்தி சொன்னால் எரிந்து விழுகிறான். ஏழைகளுக்குத் திட்டமிடும் மனமே இல்லையோ?
— ஒரு வாசகர், அலங்காநல்லூர்

பதில்: நூறு ரூபாய்க்கு மாதம் பத்து என்றால் ஆண்டுக்கு 120 விழுக்காடு. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்தும் இது நடக்கிறது. மனத்தைப் பற்றிக் கேட்டீர்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகளிடமே இதைச் சோதித்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் படப் புதிர்களில் தடுமாறிய அதே ஆட்கள், வெட்டுக் கூலி போகப் பணம் கைக்கு வந்த பிறகு தெளிவாக விடை சொன்னார்கள். மனிதர் மாறவில்லை, மண்டைக்குள் ஓடிய கடன் கணக்குதான் நின்றிருந்தது. ஆகவே முடிந்தால் வீட்டு நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்து அந்தப் பத்து வட்டிக் கடனை முதலில் தீர்த்துவிடுங்கள். வரவு செலவு நோட்டைப் பற்றி அவரிடம் பேச, ஆலைப் பணம் வந்து சேரும் வாரம் வரை பொறுத்திருங்கள்.