ஹைஸ்பீடு தெர்மல் கேமரா இருந்தால் வெடிப்பின் நிறமாலையையும் எடுத்துவிடலாமா?

நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஃபிரேம் எடுக்கும் அகச்சிவப்பு கேமரா இருந்தால், வெடிப்பின் நெருப்புக்கோளத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமாலை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்கு) கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு சுலபமில்லை. கேமரா வேகம் வேறு, நிறமாலை வேகம் வேறு.

ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறமாலை தரும் ஃபூரியர் வகைக் கருவியில் (கனடாவின் டெலாப்ஸ் செய்யும் ஹைப்பர்-கேம் இந்த வகைதான்) கேமராவுக்கு முன்னால் மைக்கெல்சன் இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளியை இரண்டாகப் பிரித்து, வேறு வேறு தூரம் ஓடவிட்டு, மறுபடி சேர்க்கும் அமைப்பு) உட்கார்ந்திருக்கும். அதன் கண்ணாடி நகர நகர ஒவ்வொரு பிக்சலிலும் வெளிச்சம் ஏறி இறங்கும். அதைக் கணக்குப் போட்டுத்தான் நிறமாலை எடுக்கிறோம். கண்ணாடியின் நகர்வுக்கு அளவுகோல், ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் அலை. இரண்டு அலைக்கு ஒரு ஃபிரேம் வீதம், ஒளிப்பாதை வித்தியாசத்தை 0.25 செ.மீ. வரை கொண்டுபோனால் சுமார் 2000 ஃபிரேம் ஆகும். நொடிக்கு 2000 ஃபிரேம் ஓடினாலும் ஒரு நிறமாலைக்கு ஒரு நொடி. அதற்குள் வெடிப்பு புகையாகிவிடும்.

தாமதம் மட்டும் என்றால் பரவாயில்லை. கண்ணாடி நகர்ந்ததால் மாறிய வெளிச்சம் எது, தீ ஆடியதால் மாறியது எது என்று கருவிக்குத் தெரியாது. மேலே சொன்ன வேகத்தில், 50 ஹெர்ட்ஸில் துடிக்கும் தீ, நிறமாலையின் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் 200 அலையெண் (ஒரு செ.மீ.-க்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) தள்ளி ஒரு போலிக் கோட்டைப் போட்டுவிடும். சாதாரண பர்னர் தீயை எடுத்தாலே இது தெரியும். நடுப் பிக்சல்கள் ஓரளவு ஒழுங்காக இருக்கும். தீ வந்து வந்து போகும் ஓரத்தில் நிறமாலை பூஜ்ஜியத்துக்குக் கீழே கூட இறங்கும். வெளிச்சம் மைனஸில் போனால் எதை நம்புவது?

ஜெட் எஞ்சின் புகைக்கு வழி இருக்கிறது. ஆட்டம் தாறுமாறானது என்பதால் நூற்றுக்கணக்கான ஸ்கேன்களின் சராசரியில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் அந்தச் சராசரி நிறமாலையிலிருந்து எடுக்கும் வெப்பநிலை, சராசரி வெப்பநிலை ஆகாது. வெப்பநிலைக்கு எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும் பிளாங்க் விதி நேர்கோடு இல்லையே. சூடான கணங்களுக்கு எடை கூடிவிடும்.

வெடிப்பு ஒரே தடவைதான் நடக்கும், சராசரிக்கு இடமே இல்லை. எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். பிளவு வைத்த கிரேட்டிங் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கீற்றுத் தகடு) கருவி ஃபிரேமுக்கு ஒரு நிறமாலை தரும், ஆனால் காட்சியில் ஒரு கோட்டுக்கு மட்டும். என்னைக் கேட்டால், படம் எடுக்காத வேகமான ஒற்றை டிடெக்டர் ஃபூரியர் கருவி ஒன்று, பக்கத்தில் ஃபில்டர் போட்ட ஹைஸ்பீடு கேமரா ஒன்று. 4.3 மைக்ரான் பக்கம் சூடான கார்பன் டை ஆக்சைடின் பட்டை அகலமாக விரியும். வெடிப்புக்கும் கேமராவுக்கும் இடையில் உள்ள குளிர்ந்த காற்று அதன் நடுப்பகுதியை விழுங்கிவிட, இரண்டு பக்கமும் கூர்முனை மட்டும் மிஞ்சும். ஃபில்டர்களை அந்த முனைகளில் வையுங்கள். நடுவில் வைத்தால் தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது.