ஆறு வருஷ ஜெபம்

கேள்வி: மகன் ஆலயத்துக்கு வருவதையே விட்டுவிட்டான். ஆறு வருஷமாக அவனுக்காக ஜெபிக்கிறேன், மாற்றமே இல்லை. ஜெபத்துக்கு வல்லமை உண்டென்று எப்படி நம்புவது?

பதில்: சோர்ந்துபோகாதீர்கள் சகோதரி. பிற்காலத்தில் பெரிய திருச்சபை அறிஞரான, அன்று விசுவாசத்தை விட்டு விலகியிருந்த மகன் அகஸ்டின் ரோமுக்குப் போய்விடக் கூடாது என்று தாய் மோனிக்கா வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சிற்றாலயத்தில் ராத்திரி முழுக்க அழுது ஜெபித்துக்கொண்டிருக்க, அவரோ அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். அன்று கேட்டது கிடைக்கவில்லை, சரி. ஆனால் அந்தப் பயணம்தான் அவரை மிலானில் பிஷப் அம்புரோஸின் பிரசங்கத்துக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது. கி.பி. 387-ல் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார். அவனோடு வாதாடாமல் ஜெபம் மட்டும் பண்ணுங்கள் என்றுதான் அதற்கு முன்பே ஒரு பிஷப்பும் மோனிக்காவிடம் சொல்லியிருந்தார். அப்புறம், சாப்பிடும்போது மகனிடம் ஆலயப் பேச்சை எடுக்க வேண்டாம், இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுங்கள்.